யூசுப் என்றால் ‘அழகு’ என்று பொருளா? யோசேப்பு என்ற பெயர் வந்த வழி

இஸ்ரேலியச் செய்தியில் யோசெஃப் என்று ஒருவர் வருகிறார். பாலஸ்தீனச் செய்தியில் யூசுஃப், மொராக்கோ செய்தியில் யூசெஃப், அமெரிக்கச் செய்தியில் ஜோசப். நான்கும் ஒரே பெயர்தான் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். குழப்பம் பெயரின் பொருளைத் தேடும்போது தொடங்குகிறது. குழந்தைகளுக்குப் பெயர் சொல்லும் புத்தகம் ஒன்றில் ‘இறைவன் பெருகச் செய்வார்’ என்றிருக்கும். இன்னொன்றில் ‘மிக அழகானவர்’ என்றிருக்கும். மூன்றாவதில் ‘துயரம்’ என்று இருந்தாலும் ஆச்சரியமில்லை. இவற்றில் எது சரி?

சுருக்கமான பதில் இது: இந்தப் பெயருக்கு அகராதிப் பொருள் எபிரேய மொழியில் மட்டுமே உண்டு. அரபிக்கு ஒரு மனிதரின் வரலாறு வந்தது, அதோடு அவர் பெயரும் வந்தது. அழகு, துயரம் என்று சொல்லப்படுபவை அந்த வரலாற்றிலிருந்து பெயரின் மேல் ஒட்டிக்கொண்டவை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எபிரேயமும் அரபியும்: மூன்று விதமான ஒற்றுமை

இரண்டும் செமிட்டிக் என்ற ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட ஒரு வேரிலிருந்து கிளைக்கின்றன. உயிரொலிகளை மாற்றியும் முன்னொட்டு, பின்னொட்டு சேர்த்தும் சொற்களை உருவாக்குவார்கள். அதனால் இரண்டு மொழிகளிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் ஆண் பெயர்கள் ஏராளம். ஆனால் அந்த ஒற்றுமை எல்லாப் பெயர்களிலும் ஒரே காரணத்தால் வருவதில்லை.

1. பொது வேர். எபிரேயப் பெயர் பாரூக், அரபிப் பெயர் முபாரக். இரண்டும் ப-ர-க் என்ற வேரிலிருந்து வந்தவை, இரண்டுக்கும் ‘ஆசி பெற்றவர்’ என்றே பொருள். யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. ஆளுக்கொன்றாகத் தங்கள் மொழியிலேயே உருவாக்கிக்கொண்டார்கள்.

2. தற்செயல். அமீர் என்ற பெயர் இரண்டு மொழிகளிலும் உண்டு, எழுத்துகள்கூட ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும். அரபியில் அது தலைவன், இளவரசன். எபிரேயத்தில் மர உச்சி. ஏசாயா 17:6-இல் ஒலிவ மரத்தின் உச்சிக்கிளையைச் சொல்ல இந்தச் சொல்தான் வருகிறது. டெல் அவீவில் ஒரு அமீரும் அம்மானில் ஒரு அமீரும் சந்தித்தால், ஒலி ஒன்று, பொருள் வேறு.

3. கடன். ஒரு மொழியில் பொருளோடு பிறந்த பெயர் இன்னொரு மொழிக்குப் பெயராக மட்டும் போவது. யூசுப் இந்த வகை.

## ராகேல் வைத்த பெயர்

எபிரேய வேர் ய-ஸ-ஃப. ‘கூட்டு’, ‘மேலும் சேர்’ என்று பொருள். யோசெஃப் என்பது பெயர்ச்சொல் வடிவில் இல்லை. அது ஒரு வினைமுற்று. ‘அவர் சேர்ப்பார்’ அல்லது ‘அவர் சேர்க்கட்டும்’ என்று ஒரு முழு வாக்கியமே பெயராக நிற்கிறது. பழைய எபிரேயப் பெயர்களில் இது சாதாரணம்.

பெயர் வைத்த சந்தர்ப்பம் ஆதியாகமம் 30-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யாக்கோபின் மனைவியரில் லேயாளுக்கு ஆறு மகன்கள் பிறந்துவிட்டார்கள். அவர் தங்கை ராகேலுக்குக் குழந்தையே இல்லை. கடைசியில் ஒரு மகன் பிறக்கிறான். அப்போது ராகேல் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று: தேவன் என் நிந்தையை நீக்கிவிட்டார். அடுத்தது: இன்னும் ஒரு மகனை ஆண்டவர் எனக்குத் தருவார். தமிழில் படிக்கும்போது இவை இரண்டு சாதாரண வாக்கியங்கள். எபிரேயத்தில் ‘நீக்கினார்’ என்பது அசஃப், ‘சேர்ப்பார்’ என்பது யோசெஃப். ஒன்று எடுப்பது, இன்னொன்று கொடுப்பது. நேரெதிரான இரண்டு வினைகளின் ஒலி இவ்வளவு நெருங்கி நிற்கிறது. அந்தத் தாய் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி மகனுக்குப் பெயர் வைக்கிறார்.

அவர் கேட்டது கிடைத்தது. அடுத்த மகன் பென்யமீன். ஆனால் அந்தப் பிரசவத்திலேயே ராகேல் இறந்துபோனார் என்று 35-ஆம் அதிகாரம் சொல்கிறது. ‘இன்னும் ஒன்று’ என்ற பெயருக்குள் இருந்த வேண்டுதல் நிறைவேறியபோது, அதை வேண்டியவர் இல்லை. இந்தப் பெயருக்குப் ‘பெருக்கம்’ என்று ஒரு சொல்லில் பொருள் எழுதிவிட்டுப் போகும்போது இவ்வளவும் விடுபட்டுவிடுகிறது.

## நீண்ட வடிவமும் செல்ல வடிவமும்

சேர்ப்பவர் யார் என்பது பெயரில் வெளிப்படையாக இல்லை. ஆனால் இறைப்பெயரின் சுருக்கமான ‘யெஹோ’வை முன்னால் வைத்த யெஹோசெஃப் என்ற நீண்ட வடிவமும் வழங்கியது. எபிரேயப் பைபிளில் சங்கீதம் 81-இல் அந்த வடிவம் ஒரு முறை வருகிறது. தமிழில் அங்கேயும் யோசேப்பு என்றே இருக்கும். இறைப்பெயர் பின்னால் வரும் யொசிபியா எஸ்றா 8:10-இல் இருக்கிறது.

1990-இல் எருசலேமுக்குத் தெற்கே கட்டுமான வேலையின்போது ஒரு குகைக் கல்லறை வெளிப்பட்டது. இறந்தவரின் எலும்புகளைச் சேகரித்து வைக்கும் சுண்ணாம்புக்கல் பெட்டிகள் அதில் இருந்தன. பூவேலைப்பாடு நிறைந்த ஒரு பெட்டியில் ‘யெஹோசெஃப் பர் கயபா’ என்று கீறப்பட்டிருந்தது. இயேசுவை விசாரித்த தலைமைக் குருவின் பெயர் யோசேப்பு கயபா என்று முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேஃபஸ் எழுதியிருக்கிறார். பெட்டி அவருடையதுதானா என்ற விவாதம் இன்னும் இருக்கிறது. பெயரைப் பொறுத்தவரை, அந்த நீண்ட வடிவம் அந்தக் காலத்தில் உண்மையிலேயே புழங்கியது என்பதற்கு அந்தக் கீறல் நேரடிச் சான்று. யோசேஃபஸின் சொந்தப் பெயரும் இதுதான்: யோசெஃப் பென் மத்தித்யாஹு.

அந்தக் காலப் பாலஸ்தீன யூதர்களிடம் சீமோனுக்கு அடுத்தபடியாக அதிகம் வழங்கிய ஆண் பெயர் யோசெஃப்தான். புதிய ஏற்பாட்டில் மரியாளின் கணவர், அரிமத்தியா ஊரார், பர்னபா என்று எத்தனை யோசேப்புகள் என்று பாருங்கள். இவ்வளவு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் சுருக்கிக் கூப்பிடத்தான் செய்வார்கள். யோசே என்பது அப்படி வந்த வடிவம். இன்றைய இஸ்ரேலில் அது யோசி.

## அரபி இலக்கணம் விட்டுச் சென்ற தடயம்

அரபியில் யூசுஃப் என்பதற்குச் சொந்த வேர் இருக்கிறதா என்ற கேள்வியை முஸ்லிம் இலக்கணிகளே வெகுகாலத்துக்கு முன் எழுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய விடையை ஒரே ஒரு வசனத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

செவ்வியல் அரபியில் பெயர்ச்சொல்லின் கடைசி ஒலி வேற்றுமைக்கு ஏற்ப மாறும். எழுவாய் என்றால் ‘உ’, செயப்படுபொருள் என்றால் ‘அ’, முன்னிடைச்சொல்லுக்குப் பின் வந்தால் ‘இ’. திருக்குர்ஆனின் 12-ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே யூசுஃப். அதன் 7-ஆவது வசனம் யூசுஃபிடத்திலும் அவர் சகோதரர்களிடத்திலும் சான்றுகள் இருப்பதாகச் சொல்கிறது. அரபியில்: ‘ஃபீ யூஸுஃப வ இக்வத்திஹி’. இரண்டு சொற்களையும் ஆள்வது ‘ஃபீ’ என்ற ஒரே முன்னிடைச்சொல். சகோதரர்கள் என்ற அரபிச் சொல் விதிப்படி ‘இ’ எடுத்து ‘இக்வத்தி’ ஆகிறது. யூசுஃப் மட்டும் ‘இ’ எடுக்காமல் ‘அ’வோடு நிற்கிறது.

இப்படி முழுதாக உருமாறாத பெயர்கள் அரபியில் ஒரு தனி வகுப்பு. இப்ராஹீம், இஸ்மாயீல், யஃகூப் போன்ற வேற்றுமொழிப் பெயர்கள் அதில் அடங்கும். சரி, இதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடலாமா? முடியாது. வினைச்சொல் வடிவில் உள்ள சுத்த அரபிப் பெயர்களும் இதே வகுப்பில் வரும். யூசுஃபும் அப்படி ஓர் அரபி வினையிலிருந்து வந்திருக்கலாமே என்று சிலர் வாதிட்டார்கள். யூஸிஃப், யூஸஃப் என்ற உச்சரிப்புகளும் பதிவாகியிருந்ததால் வாதத்துக்கு இடமிருந்தது. 12-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஸமக்‌ஷரி இதை மறுத்தார். எல்லோரும் அறிந்த உச்சரிப்பு யூஸுஃப், ‘ஊ’வும் ‘உ’வும் அடுத்தடுத்து வரும் அந்த வாய்பாட்டில் அரபி வினை கிடையாது, ஆகவே பெயர் எபிரேயம்தான் என்பது அவர் நியாயம். எனக்கு இது மிகவும் பிடித்த வாதம். வேற்றுச் சமயத்தாரின் நூலைத் தேடிப் போகாமல், தன் மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே நின்று விடை கண்டுபிடித்திருக்கிறார்.

இன்னொரு பக்கமிருந்தும் இதைச் சரிபார்க்கலாம். ‘கூட்டு, பெருக்கு’ என்பதற்கு அரபிக்காரர்கள் பயன்படுத்தும் வேர் ஸ-ய-த. அதிலிருந்து ‘அவர் பெருக்குவார்’ என்று ஒரு வினைமுற்றுப் பெயரை உருவாக்கினால் என்ன வரும்? யஸீத். யோசெஃப் என்ற பெயரின் பொருளும் அமைப்பும் அப்படியே அரபியில் வேண்டுமென்றால் அது யஸீத்தான். ஸைத் என்ற பெயரும் அதே வேர். இஸ்லாத்துக்கு முன்பிருந்தே அரபியர் இந்தப் பெயர்களை வைத்திருக்கிறார்கள்.

## அழகும் துயரமும் வந்து சேர்ந்த இடம்

111 வசனங்கள் கொண்ட அந்த 12-ஆவது அத்தியாயம் ஏறத்தாழ முழுக்க முழுக்க ஒரே மனிதரின் கதை. குர்ஆனில் வேறெந்த நபியின் வரலாறும் இவ்வளவு நீளமாகத் தொடர்ச்சியாகச் சொல்லப்படவில்லை. 3-ஆவது வசனமே ‘வரலாறுகளில் மிக அழகானது’ என்று கதையை அறிமுகப்படுத்துகிறது. 31-ஆவது வசனத்தில், யூசுஃபைப் பார்த்த நகரத்துப் பெண்கள் கையில் இருந்த கத்தியால் தங்கள் கைகளையே வெட்டிக்கொள்கிறார்கள். அழகில் பாதி அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஒரு நபிமொழியும் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகு ஒரு முஸ்லிம் வீட்டில் யூசுப் என்று பெயர் வைத்தால் மனதில் முதலில் வருவது அழகாகத்தான் இருக்கும். அதில் தவறு எதுவும் இல்லை. அதைச் சொல்லின் பொருள் என்று அச்சடிக்கும்போதுதான் தவறாகிறது.

எபிரேயப் பக்கமும் அழகு உண்டு. ஆதியாகமம் 39:6 யோசேப்பின் வடிவழகையும் முக அழகையும் சொல்கிறது. அதற்கு முன் 29:17-இல் ராகேலின் அழகைச் சொல்ல வந்த தொடரே, ஆண்பாலாக மாறி இங்கே மகனுக்கு வருகிறது. அம்மாவின் சாயல் என்று நூல் சொல்லாமல் சொல்கிறது.

துயரம் எங்கிருந்து வந்தது? அரபியில் அஸஃப் என்றால் துக்கம். எபிரேய அசஃப் ‘நீக்கினார்’ என்று பார்த்தோம். ஒலி நெருக்கமானது, பொருள் வேறு. குர்ஆன் 12:84-இல் மகனை இழந்த யஃகூப் (யாக்கோபின் அரபிப் பெயர்) முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘யா அஸஃபா அலா யூஸுஃப’ என்கிறார். யூசுஃபுக்காக என் துக்கமே என்று ஓலமிடுவது அது. துக்கத்தால் அவர் கண்கள் வெளுத்துப்போயின என்று வசனம் தொடர்கிறது. அரபியில் ஓதக் கேட்டால் அஸஃபாவும் யூஸுஃபவும் ஒன்றையொன்று எதிரொலிக்கும். ஆதியாகமம் அடங்கிய யூத வேதமான தோராவில் தாய் மகிழ்ச்சியில் பெயரோடு ஒலி சேர்த்துப் பேசுகிறார். குர்ஆனில் தந்தை துயரத்தில் அதையே செய்கிறார். பெயருக்குத் ‘துயரம்’ என்று பொருள் சொன்னவர்கள் இந்த எதிரொலியைத்தான் வேர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

## ‘அபூ யூசுஃப்’ என்றால் யார்?

அரபிப் பெயர்களில் ‘இன்னாரின் தந்தை’ என்ற முன்பெயர் உண்டு. அபூ யூசுஃப் என்றால் யூசுஃபின் தந்தை. ஆனால் அந்த ஆளுக்கு யூசுஃப் என்று மகன் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. யஃகூபின் மகன் யூசுஃப் என்பது எல்லோருக்கும் தெரிந்த உறவு என்பதால், யஃகூப் என்று பெயருள்ளவரை அபூ யூசுஃப் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. இஸ்லாமியச் சட்டமரபுகளில் ஒன்றான ஹனஃபி மரபின் பெரிய அறிஞர் அபூ யூசுஃபின் இயற்பெயர் யஃகூப். தத்துவ அறிஞர் அல்-கிந்தியும் அபூ யூசுஃப் யஃகூப்தான். வட ஆப்பிரிக்காவை ஆண்ட அல்மொஹத் வம்சத்தில் அபூ யஃகூப் யூசுஃபுக்குப் பின் 1184-இல் ஆட்சிக்கு வந்த அவர் மகன் அபூ யூசுஃப் யஃகூப். வரலாற்று மாணவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு.

இன்னொரு தடுமாற்றம் பட்டப்பெயரால் வருவது. 1187-இல் எருசலேமைக் கைப்பற்றிய சலாவுதீனின் சொந்தப் பெயர் யூசுஃப் இப்னு அய்யூப். சலாவுதீன் என்பது பட்டம். கெய்ரோ கோட்டைக்குள் அவர் காலத்தில் பாறையைக் குடைந்து வெட்டிய ஆழமான கிணற்றுக்கு யூசுஃபின் கிணறு என்று பெயர். பழைய பயணிகள் பலர் அது ஆதியாகமத்து யோசேப்பு வெட்டியது என்றே நம்பினார்கள். எகிப்தில் யூசுஃப் என்றால் நபியைத் தவிர வேறு யார் நினைவுக்கு வருவார்கள்!

## கிறிஸ்தவர்களின் யோசேப்பு வேறொருவர்

முஸ்லிம்களும் யூதர்களும் இந்தப் பெயரை வைக்கும்போது பெரும்பாலும் நினைப்பது யாக்கோபின் மகனை. கத்தோலிக்கர்கள் நினைப்பது மரியாளின் கணவரை. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் இந்தப் பெயர் அவ்வளவு பரவலாக இல்லை. புனித யோசேப்பின் மீது பக்தி 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்த பிறகுதான் ஹோஸே, ஜுஸெப்பே, ஜோசஃப் என்று வீட்டுக்கு வீடு வந்தது. 1870-இல் போப் ஒன்பதாம் பயஸ் அவரை உலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தார்.

ஆனாலும் இரண்டு யோசேப்புகளுக்கும் நடுவே நற்செய்தி எழுதிய மத்தேயு ஒரு கோடு இழுக்கிறார். அவர் தரும் வம்சவரிசையில் மரியாளின் கணவருக்கும் தந்தை பெயர் யாக்கோபு. ஆதியாகமத்து யோசேப்பைப் போலவே அவருக்கும் செய்தி கனவில்தான் வருகிறது. அவரும் எகிப்துக்குப் போகிறார்.

## எழுத்து ஏன் இத்தனை விதம்?

1. எபிரேயத்தில் ‘ப’வுக்கும் ‘ஃப’வுக்கும் ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். செவ்வியல் அரபியில் ‘ப’ ஒலியே இல்லை, ‘ஃப’ மட்டும்தான். ‘ஓ’வும் ‘ஏ’வும்கூடக் கிடையாது. ஆகவே யோசெஃபின் ‘ஓ’ யூசுஃபில் ‘ஊ’ ஆனது. யோனா என்ற பெயர் யூனுஸ் ஆனதும் இதே மாதிரிதான்.

2. லத்தீனில் பெயரின் முதல் எழுத்து ‘ஐ’, ஒலி ‘ய’. பின்னால் அதிலிருந்து ‘ஜே’ என்ற எழுத்து பிரிந்தது. ஜெர்மானியர் அதை ‘ய’ என்றே வைத்துக்கொண்டார்கள், ஆங்கிலேயர் ‘ஜ’ ஆக்கினார்கள், ஸ்பானியர் ‘ஹ’ ஆக்கினார்கள்.

3. மொராக்கோ, துனிசியா, லெபனான் பக்கம் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது பிரெஞ்சு முறை வருகிறது. ‘ஊ’வுக்கு ‘ஓ’, ‘யு’ என்று இரண்டு எழுத்து. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் பிரெஞ்சுக்காரர் அதை ‘இசட்’ போல வாசிப்பார்கள் என்பதால் இரட்டை ‘எஸ்’. பாஸ்போர்ட்டில் எழுத்துகள் மாறினாலும் அரபியில் எழுதும்போது எல்லோருக்கும் அதே நான்கு எழுத்துதான்: யா, வாவ், ஸீன், ஃபா.

## தமிழ்நாட்டில் ஒரே பெயருக்கு நான்கு வடிவம்

நம்மிடம் இந்தப் பெயர் ஒரே வழியில் வரவில்லை. அரபி வழியாக வந்தது யூசுப். 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம், முகமது யூசுப் கான் என்ற பெயரில்தான் படை நடத்தினார். சீர்திருத்தச் சபையாரின் (புராட்டஸ்டண்ட்) பைபிள் வழியாக வந்தது யோசேப்பு. முத்துக்குளித்துறையில் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சொன்ன ஜுஸே, நம் வாயில் சூசை ஆகி, மரியாதை சேர்ந்து சூசையப்பர் ஆனது. பக்கத்தில் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் சிரியாக் மொழி வழியாக வந்த ஔசேப்பு இருக்கிறது.

நான்காவது வடிவம் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டது. அதைச் செய்தவர் வீரமாமுனிவர். இத்தாலியரான அவருடைய சொந்தப் பெயரிலேயே ஜுஸெப்பே உண்டு. மரியாளின் கணவரைத் தலைவராக்கி அவர் பாடிய தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட காப்பியம். அதில் தலைவனுக்கு அவர் வைத்த பெயர் வளன். ‘மேலும் சேர்க்கட்டும்’ என்ற எபிரேய வினை, வளம் என்ற தமிழ்ச் சொல்லாக வந்து நின்றது. ராகேலின் ‘இன்னும் ஒன்று’ அதில் இல்லைதான். ஆனாலும் யாக்கோபு தன் கடைசி ஆசியில் யோசேப்பை நீரூற்றருகே கனிதரும் செடி என்று வாழ்த்துவதற்கு, வளனைவிடப் பொருத்தமாக எனக்கு வேறு சொல் தோன்றவில்லை.

இன்று கத்தோலிக்கர்களிடம் மூன்றும் ஒன்றாகவே புழங்குகின்றன. திருப்பலியில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அவர் யோசேப்பு. மார்ச் 19-இல் கொண்டாடுவது சூசையப்பர் திருவிழா. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாறிய கல்லூரியின் பெயர்ப் பலகையில் அவர் தூய வளனார்.